மோடத்துக்குள் ஒரு அம்மா

நம் வயதுக்காரர்களிடம் மட்டும்தான் இதைச் சொல்ல முடியும். என் மகனிடம் ஆரம்பித்தால், "போன் பேசினா நெட் வராதா? நெட் போட்டா போன் வராதா? சும்மா அடிச்சு விடாதம்மா" என்று எழுந்து போய்விடுகிறான். உங்களுக்கு அப்படி இல்லை. திரையின் மூலையில் இரண்டு குட்டி கம்ப்யூட்டர்கள் மாறி மாறி மினுக்குவதைப் பார்த்துக்கொண்டு, மூச்சுவிட்டால்கூட இணைப்பு அறுந்துவிடுமோ என்று உட்கார்ந்திருந்தவர்கள் நீங்கள்.

அந்தச் சத்தமும் உங்களுக்கு நினைவிருக்கும். முதலில் போனின் உர்ர்ர். பிறகு நம்பர்கள் தட்டித் தட்டி விழும். பிறகு ஒரு கீச்சல், அதன்மேல் தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. எங்கள் வீட்டில் மட்டும் அந்தச் சத்தம் கிடையாது. எங்கள் மோடம் ஊமை. அப்பா அப்படி ஆக்கிவைத்திருந்தார். நான் சொல்லப்போகிற சங்கதி நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் வீடு ஆமத்தூரில். அப்பாவுக்கு விஸ்வநத்தத்தில் வேலை, பட்டாசுத் தொழிற்சாலையில் போர்மேன். தொழிற்சாலை என்று நான் எழுதுகிறேனே தவிர எங்கள் பக்கம் அப்படி யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி செய்கிற இடம் தீப்பெட்டி ஆபீஸ். பட்டாசு செய்கிற இடம் பயராபீஸ். காலையில் தூக்குவாளியோடு வேனுக்கு நிற்கிற பெண்களிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் "ஆபீஸுக்கு" என்பார்கள். வெளியூர்க்காரர்கள் ஏதோ தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்று மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அம்மா வெளியூர்க்காரர்தான், நாகர்கோவில் பக்கம். நர்ஸ். கல்யாணமாகி இங்கே வந்து, அரசு ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் பல வருஷம் வேலை பார்த்தார். அதனால் பயராபீஸ் என்றால் அவருக்கு என்ன நினைவுக்கு வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர் முழுக்க ஆபீஸ் என்று சொன்னாலும் அவர் வாயில் அந்த வார்த்தை வராது. கம்பெனி என்பார், அதையும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொல்வார். அப்பா சாப்பிடும்போது "இன்னைக்கு ஆபீஸ்ல" என்று ஆரம்பித்தாலே போதும்.

"ஆபீஸ்னா மேசை இருக்கணும், நாற்காலி இருக்கணும், தலைக்கு மேல ஃபேன் சுத்தணும். வாசல்ல மணல் வாளி தொங்குற இடத்துக்குப் பேரு ஆபீஸ் இல்ல."

அப்பா சிரித்து மழுப்பிவிடுவார். அந்தச் சிரிப்பை நான் அப்போது நிஜமென்றே நினைத்தேன்.

அவருடைய காது மடல்களிலும் நகக்கண்களிலும் அலுமினியத் தூள் ஒட்டியிருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. தலையணை உறையில் வெள்ளி வெள்ளியாய் மின்னும். நான் அதை விரலில் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டு கண்ணாடி பார்ப்பேன். ஒரு தடவை அம்மா அதைப் பார்த்துவிட்டு முதுகில் வைத்தார் ஓர் அறை. அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். அப்பாவின் துணிகளைத் தனி வாளியில்தான் நனைப்பார்.

நான் ஐந்தாவது படிக்கும்போது அம்மா வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். போகும்போது அப்பாவிடம் ஒரே ஒரு வாக்கு வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் இரண்டும் அந்தக் கம்பெனி கேட்டைத் தாண்டக் கூடாது. அப்பா சரி என்றார். நானும் அண்ணனும் பக்கத்தில்தான் நின்றோம்.

முதல் லீவில் வந்தபோது கம்ப்யூட்டர் வாங்கி வைத்துவிட்டுப் போனார். அவர் இருந்த ஹாஸ்டலில் ஒரே போன், அதை எடுக்கிற காவலாளிக்குத் தமிழ் தெரியாது. வார்டு கம்ப்யூட்டரில் வாரத்துக்கு ஒரு முறை மெயில் எழுத அனுமதி உண்டு. எனவே மெயில். அம்மாவின் தையல் மிஷின்மேல்தான் கம்ப்யூட்டர் உட்கார்ந்தது, வேறு மேசை கிடையாது. கனெக்‌ஷன் கிடைக்கும்வரை நான் மிஷினின் மிதியை மிதித்துக்கொண்டே இருப்பேன். வார் கழற்றியிருந்ததால் சக்கரம் சுற்றாது, மிதி மட்டும் கடகடவென்று ஆடும். அந்த இரும்பின் குளிர்ச்சி இன்னும் உள்ளங்காலில் இருக்கிறது. மிஷினைப் பிறகு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள், யாருக்கு என்று தெரியவில்லை.

எல்லாவற்றையும் பொருத்திக்கொடுத்தது விருதுநகரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஓர் அக்கா. எங்கள் பக்கத்து எக்ஸ்சேஞ்சில் இன்டர்நெட்டுக்கு நம்பர் கிடையாது. மதுரை நம்பருக்கு எஸ்.டி.டி. போட்டுத்தான் மோடம் பேச வேண்டும். முதல் தடவை அது கீச்சிட்டபோது அப்பா குளித்துக்கொண்டிருந்தார். ஈரத்துண்டோடு ஓடிவந்தார், தலையெல்லாம் சோப்பு நுரை.

"எங்கன பத்திருச்சு? எங்கன?"

ஒன்றுமில்லை, மோடம் பேசுகிறது என்று அக்கா சொல்லியும் அவருக்கு நெஞ்சு படபடப்பு அடங்க நேரமாயிற்று. "திரி புடிச்ச மாதிரியே இருக்கும்மா. இந்தச் சத்தம் என் வீட்ல வேண்டாம்" என்றார். அக்கா ஏதோ ஒரு பொத்தானை மவுஸால் இழுத்துக் கீழே விட்டார். அன்றிலிருந்து எங்கள் மோடம் ஊமை.

அம்மாவின் மெயில்கள் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக இருக்கும். அப்பா தினத்தாளை ஓரம்வரை வாசிப்பவர், ஆனால் அந்த எழுத்து அவருக்குக் கைவராது. நான்தான் உரக்க வாசிப்பேன், அவர் சொல்லச் சொல்ல நான்தான் பதில் அடிப்பேன். கிட்டத்தட்ட எங்கள் வீட்டின் தபால்காரி நான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

அந்த ஆடி மாதத்துக்கு வருகிறேன். காற்று என்றால் அப்படி ஒரு காற்று. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே கிடக்கும், வாயைத் திறந்தால் மண். அண்ணன் பிளஸ் டூவில் ஒரு பேப்பரில் தவறிவிட்டு வீட்டில் இருந்தான். கிரிக்கெட் மட்டை மூலையில் சாத்தியிருக்கும், அதைத் தொடுவதுகூடக் கிடையாது. பயராபீஸில் தீபாவளி சீசன் சூடுபிடித்திருந்தது. ஆர்டர் குவிந்து கிடக்கிறது, மருந்து கலக்குகிற ரூமில் ஒரு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று முதலாளி அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்துதான். உள்ளதிலேயே ஆபத்தான ரூம் அதுதான், உள்ளதிலேயே மரியாதையான வேலையும் அதுதான். அப்பா வாலிபத்தில் அங்கேதான் ஆரம்பித்தார்.

அப்பா ஒரு வெள்ளிக்கிழமை என்னை உட்காரவைத்து மெயில் சொன்னார். "பெரியவன் சும்மாத்தான் இருக்கான். ஆபீஸ்ல ஆள் கேக்குறாக. கூட்டிட்டுப் போகவா?" நான் அடித்தேன், அனுப்பினேன். மெயில் போன பிறகு அண்ணன் வந்து, "என்ன எழுதச் சொன்னாக?" என்று கேட்டான். சொன்னேன். கொல்லைப்பக்கம் போய்விட்டான். பயமாக இருக்கிறது என்று அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்கச் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை அம்மாவின் மெயில் வந்தது. முதலில் தலைப்பு வரி மட்டும் தெரியும், அதைத் தட்டினால்தான் உள்ளே இருப்பது மெதுவாக இறங்கும். தலைப்பை நான் உரக்க வாசித்தேன்.

"பெரியவனுக்கு ஆபீஸ் வேலை. உடனே அனுப்பவும்."

தட்டினேன். மணல்கடிகாரம் சுற்ற ஆரம்பித்தது. டப்பென்று கரண்ட் போய்விட்டது.

திரை கறுத்துவிட்டது. மோடத்தின் சிவப்பு விளக்குகள் செத்துவிட்டன. அப்பா அசையாமல் நின்றார்.

"இன்னொரு தடவ வாசி."

"கரண்ட் இல்லப்பா."

"நெனப்புல இருக்கறத வாசி, பாப்பா."

சொன்னேன். அப்பா வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார், செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார், சட்டையெல்லாம் வழிந்தது. அவர் முகம் அன்று இருந்த மாதிரி அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"பாத்தியாடே, உங்க அம்மா வாயில ஆபீஸ்னு வந்துருச்சு! இம்புட்டு வருசம் கழிச்சு அவளே சொல்லிட்டா!" என்று அண்ணனின் தோளைத் தட்டினார். "ஏலே, திங்கக்கெழம என்கூட வாரே."

அண்ணன் திரையையே பார்த்தான். அது கறுப்பாக இருந்தது.

எனக்கு அப்போதே தூக்கிவாரிப்போட்டது. மேசையும் நாற்காலியும் ஃபேனும் இருக்கிற இடத்தைத்தானே அம்மா ஆபீஸ் என்பார்? கேட்டேன். அப்பா கையை அசைத்துவிட்டார். நாம் ஆபீஸ் என்று கேட்டோம், அவளும் ஆபீஸ் என்று பதில் போட்டிருக்கிறாள், இதில் என்ன சந்தேகம்? அவர் சொன்னதும் தப்பில்லை போலத்தான் இருந்தது. ஆனாலும் மீதி மெயிலை வாசித்துவிட்டால் தெரிந்துவிடும். திங்கட்கிழமைக்குள் வாசித்தாக வேண்டும்.

சாயங்காலம் கரண்ட் வந்தது. கனெக்‌ஷன் வரவில்லை.

குட்டி கம்ப்யூட்டர்கள் மினுக்கும், பதில் இல்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். திரும்பப் போடுவேன், திரும்ப அதே பெட்டி. ஒயரைப் பிடுங்கிப் பாவாடை நுனியால் துடைத்துச் செருகினேன். மோடத்தை அணைத்து, ஆறவிட்டு, போட்டேன். பாடப் புத்தகத்தை வைத்து வெப்பம் போகட்டும் என்று விசிறினேன்கூட. போன் மட்டும் நன்றாக உர்ர் என்றது.

சனிக்கிழமை சென்டர் அக்காவுக்குப் போன் போட்டேன். விருதுநகர் லோக்கல்தான், உடனே கிடைத்தது. என் குரலைக் கேட்டே அக்கா பஸ் ஏறி வந்துவிட்டார். முடியெல்லாம் காற்றில் பறந்து, கண்ணில் தூசி விழுந்து, ஒரு கண் சிவந்திருந்தது. வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் கீழே படுத்து ஒயரைப் பார்த்தார். ஏதேதோ அழித்தார், திரும்ப ஏற்றினார், மோடத்தின் பின்பக்கம் வாயால் ஊதினார். வேறு விதமாக டயல் செய்யவைத்துப் பார்த்தார். எதற்கும் அதே பெட்டிதான் வந்தது.

அந்த நேரத்தில் அப்பா அண்ணனை உட்காரவைத்து அவன் செருப்பில் இருந்த ஆணிகளைக் குறடால் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஆணி தரையில் உரசினால் பொறி வரும். பாலியெஸ்டர் ஆகாது என்று வாங்கிய புதுப் பருத்திச் சட்டை ஒன்று கட்டிலில் கிடந்தது. ஒவ்வோர் ஆணியும் தகர டப்பாவில் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அக்கா எழுந்து வந்தார். "சார், மெயிலோட பாஸ்வேர்டு சொல்லுங்க. நான் சென்டர்ல போயி தெறந்து அச்செடுத்து வந்துர்றேன். இதுல பாத்தா புள்ளி புள்ளியாத்தான் தெரியுது."

அப்பா நிமிராமலே சொன்னார். "நெனப்பில்லையேம்மா."

"நீங்கதான சார் அன்னைக்கு ஒத்த விரலால அடிச்சீக? நான்கூட அந்தப் பக்கம் திரும்பி நின்னேனே."

"அடிச்சது வெரலு. எனக்கு நெனப்பில்ல."

லைனில் கோளாறாக இருக்கும், லைன்மேனைப் பார்க்கச் சொல் என்று என்னிடம் சொல்லிவிட்டு அக்கா பஸ்ஸுக்குப் போனார்.

லைன்மேன் எங்கள் தெருக்காரர்தான். சாப்பாட்டில் இருந்தவரைக் கையோடு இழுத்து வந்தேன். அந்தக் காற்றில் கம்பத்தில் ஏறினார், கம்பமே ஆடுகிற மாதிரி இருந்தது. இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"லைன் கண்ணாடி மாதிரி இருக்கு, பாப்பா. கோளாறு வெளிய இல்ல. வீட்டுக்குள்ளதான் எங்கனயோ இருக்கு."

அண்ணனிடம் போனேன். "நீயாவது அப்பாட்ட சொல்லுண்ணே. மெயில வாசிச்சிட்டுப் போவோம்னு சொல்லு."

"அம்மாவே சொல்லிட்டாங்கள்ல. இன்னும் என்னத்த வாசிக்க?" என்றான். அவன் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மருந்து ரூமின் பயத்தைவிட அவனை அதிகம் நொறுக்கியது அதுதான். அம்மா கைவிட்டுவிட்டார் என்று நம்பிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிகிற நேரத்தில் பாஸ்டர் ஜெபக் குறிப்புகள் வாசித்தார். உடம்பு சரியில்லாதவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள், அதற்கு அடுத்து, "நாளைய தினம் ஆபீஸ் வேலையில் சேருகிற வாலிபத் தம்பிக்காக". எழுதிக் கொடுத்தது அப்பாதான். சபையே திரும்பிப் பார்த்தது. வெளியே வந்ததும் காரியாபட்டியிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஒரு டீச்சர் அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப சந்தோசம்ப்பா. எந்த ஆபீஸ்? பேங்க்கா?"

அப்பா முன்வந்து, "பயராபீஸ்ங்க. மருந்து ரூம்பு" என்றார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. டீச்சரின் கை தானாக விலகியது. அப்பா அதைக் கவனித்தாரா இல்லையா தெரியவில்லை. நான் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சோறுகூட வேண்டாமென்று மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அக்கா திறந்து பார்த்த ஜன்னல்களையெல்லாம் நானும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். எதைத் தட்டினால் எது கெடும் என்ற பயம்கூடப் போய்விட்டது. ஓரிடத்தில் ஒரு ஸ்பீக்கர் படம், பக்கத்தில் அக்கா அன்று கீழே இழுத்துவிட்ட பொத்தான். சும்மா இருக்கட்டும் என்று அதை மேலே இழுத்துவிட்டு டயல் போட்டேன்.

உர்ர்ர். தட் தட் தட் என்று நம்பர்கள். கீச்சலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கீச்சல் வரவில்லை. அதற்குப் பதில், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி, ஒரு பெண் குரல்.

"அண்ணே! ஓடி வாண்ணே! மோடத்துக்குள்ள ஒரு அம்மா பேசுறாங்க!"

அண்ணன் வந்தான். திரும்பப் போட்டேன். இந்தத் தொலைபேசிக்கு இந்த வசதி இல்லை என்கிற மாதிரி அந்த அம்மா தமிழில் சொன்னார், பிறகு இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தபோது மோடம் அவர் பேச்சை வெட்டிவிட்டது. இரண்டு நாளாக ஒவ்வொரு தடவையும் அவர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஊமைப் பெட்டிக்குள் யாருக்கும் கேட்கவில்லை.

அண்ணனுக்கு அந்தக் குரல் பழக்கம். ஒரு லீவில் அவன் வெளியூர் சிநேகிதர்களுக்குப் போன் போட்டுத் தள்ளியதால் அப்பா எஸ்.டி.டி.யைப் பூட்டி வைத்திருந்தார். ரகசிய எண் ஒன்றை அழுத்தினால் பூட்டும், அதையே அழுத்தினால் திறக்கும். மோடம் வந்த நாளில் அப்பா அதைத் திறந்துவிட்டார், அப்புறம் நாங்கள் எல்லோரும் அதை மறந்தே போனோம். ரகசிய எண் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. நான் கொல்லைக்கு ஓடினேன். அப்பா துவைத்த பருத்திச் சட்டையைக் கொடியில் காயப்போட்டு, காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா, போன் பூட்டியிருக்கு."

"யாரு சொன்னா?"

"மோடத்துக்குள்ள இருக்கிற அம்மா சொன்னாங்க."

அவர் என்னைப் பார்க்காமல் சட்டையின் காலரை நீவினார். "அது… வெள்ளிக்கெழம கை பட்டுருக்கும்."

கை பட்டுப் பூட்டுகிற பூட்டு இல்லை அது. எனக்கே தெரியும். அண்ணன் என் பின்னால் வந்து நின்றிருந்தான். எப்போதும் அப்பா முன்னால் தலை குனிந்து நிற்பவன் அன்று நேராகப் பார்த்தான்.

"தெறங்கப்பா."

காற்று சட்டையை அப்பாவின் முகத்தில் அடித்தது. அவர் அதை விலக்கவில்லை.

"தெறந்துருங்கப்பா. அம்மா போகச் சொன்னா போறேன். அழ மாட்டேன். ஆனா அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியணும்."

அப்பா அடித்துவிடுவார் என்று நினைத்து நான் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை. உள்ளே போனார். போனை முதுகால் மறைத்துக்கொண்டு பொத்தான்களை அழுத்தினார். பிறகு ரிசீவரை வைத்துவிட்டு, மிஷினின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டயல் போட்டேன். இந்தத் தடவை கீச்சல் வந்தது. எங்கள் சின்ன வீட்டில் அது சுவர் சுவராக மோதியது. அப்பாவின் உடம்பு தூக்கிப்போட்டது, வெள்ளி படிந்த அவர் விரல்கள் மரத்தை இறுக்கின.

"சத்தத்தக் கொற, புள்ள."

"வேணாம்" என்றான் அண்ணன். "கேக்கட்டும்."

கரகரப்பு நின்றது. பச்சை விளக்கு எரிந்தது. தலைப்பைத் தட்டினேன். கரண்ட் போய்விடக் கூடாது, யாரும் இப்போது போன் செய்துவிடக் கூடாது என்று மனதுக்குள் ஜெபித்துக்கொண்டே மிதியை மிதித்தேன். வரிகள் ஒவ்வொன்றாக இறங்கின. நான் வாசித்தேன்.

அம்மா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் ஆபீஸில் ஃபைல் எடுத்து வைக்கிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். பெரியவனைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறார். அவனுடைய சர்ட்டிபிகேட் நகலும் போட்டோவும் உடனே அனுப்பவும். அனுப்பச் சொன்னது அவனை அல்ல, காகிதங்களை. அதற்குக் கீழே, "நீங்க கேட்டதுக்குப் பதில். கூடாது. உங்க கம்பெனி கேட்ட அவன் தாண்டக் கூடாது. தாண்டினான்னு கேள்விப்பட்டா நான் வேலைய விட்டுட்டு வந்துருவேன்." கடைசி வரி, "உங்களுக்கு இருமல் எப்படி இருக்கு?"

அண்ணன் தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அழ மாட்டேன் என்று சொன்னவன்தான்.

அப்பா, "கடசி வரிய இன்னொரு தடவ வாசி" என்றார். வாசித்தேன். "சட்டைய மடிச்சு வையி. சர்ட்டிபிகேட்ட எடு" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

திங்கட்கிழமை காலை அவர்கள் இரண்டு பேரும் மொபெட்டில் விஸ்வநத்தம் பக்கம் திரும்பாமல் விருதுநகர் பக்கம் போனார்கள், சென்டர் அக்காவிடம். சீசனில் சொல்லாமல் லீவு போட்டதற்காகவும், ஆள் தருகிறேன் என்று சொல்லி ஏமாற்றியதற்காகவும் முதலாளி அத்தனை பேர் முன்னால் அப்பாவை வாங்கு வாங்கென்று வாங்கினாராம். அது எங்களுக்கு ரொம்ப நாள் கழித்து வேறொருவர் சொல்லித்தான் தெரியும். அண்ணன் அந்த வருஷமே புறப்பட்டுப் போனான். இன்றும் அங்கேதான், இப்போது அந்த ஃபைல்களுக்கெல்லாம் அவன்தான் பெரியவன்.

பூட்டு விஷயத்தை நானும் அண்ணனும் அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் நான் அப்பாவை மன்னிக்கவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்க, பெற்ற பிள்ளையை மருந்து ரூமுக்குள் தள்ளப் பார்த்த மனிதர் என்றுதான் பல வருஷம் நினைத்தேன். தலையணை உறையில் மின்னுகிற தூளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். காலேஜில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால், நானும் அம்மா மாதிரியே "கம்பெனில" என்பேன்.

அம்மா ரிட்டயராகி ஊரோடு வந்துவிட்டார். அப்பா வேலையை விட்டார், இருமல் அவரை விடவில்லை. கொஞ்ச வருஷம் முன்னால் வீட்டுக்குக் கண்ணாடிக் கம்பி இன்டர்நெட் போட ஆள் வந்திருந்தான். சுவரில் பெட்டியை மாட்டிய கையோடு எல்லாம் வேலை செய்தது, ஒரு முனகல்கூட இல்லை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் பூட்டு உண்டா தம்பி?" என்று அந்த ஆளிடம் கேட்டார்.

அவன் போன பிறகு நான் கேட்டுவிட்டேன். இத்தனை வருஷம் கேட்காமலே வைத்திருந்த கேள்வி. "அன்னைக்கு ஏம்ப்பா பூட்டுனீக?"

மறந்துபோச்சு என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"மீதிய வாசிச்சா அது வேற எதாவதாத்தான் இருக்கும்னு எனக்குத் தெரியும்மா" என்றார். "உங்க அம்மாவ எனக்குத் தெரியாதா? கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து ஒரு தடவகூட என் வேலைய அவ ஆபீஸ்னு சொன்னதில்ல. நாலு பேரு முன்னால கேட்டாக்கூட கம்பெனிம்பா. அன்னைக்கு நீ வாசிச்சியா… மனசு குளுந்து போச்சு. சரி, ரெண்டு நாளைக்கு அது அப்படியே இருக்கட்டும்னு தோணிச்சு. அம்புட்டுத்தான்."

"அண்ணன் திங்கக்கிழம உள்ள போயிருப்பானேப்பா?"

"ஞாயித்துக்கெழம சாயந்தரம் நானே தெறந்துருப்பேன்."

திறந்திருப்பாரா? எனக்குத் தெரியவில்லை. கோயிலில் அத்தனை பேர் முன்னால் வாசிக்கவைத்த பிறகு திறந்திருப்பாரா? பல தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன், ஒரு நாள் ஆம் என்று தோன்றும், ஒரு நாள் இல்லை என்று. ஆனால் அவர்மேல் இருந்த கோபம் அன்றைக்குப் போய்விட்டது. வெறும் சிரிப்பாலேயே மழுப்பிக்கொண்டு எத்தனை வருஷம் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தபோது எனக்குத் தாங்கவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. "அடுப்புல தண்ணி வச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

போன வருஷம் அப்பா போய்விட்டார். அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோதே சிவகாசியிலிருந்து அஞ்சலிப் போஸ்டர் அடிக்கிறவர் வந்திருந்தார். அப்பாவின் படத்துக்குக் கீழே என்ன போட வேண்டும் என்று உறவுக்காரர்கள் கூடிப் பேசி, "தனியார் நிறுவன மேற்பார்வையாளர், ஓய்வு" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அண்ணன் விமானத்துக்குக் காத்திருந்தபடி போனில் முகம் காட்டிக்கொண்டிருந்தான், கண்ணீர் வழிவதுகூடத் துல்லியமாகத் தெரிந்தது. போஸ்டர்காரர் எழுதியதை அம்மாவிடம் நீட்டினார். அம்மா கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"இத அடிச்சிருங்க. பயராபீஸ் போர்மேன்னு போடுங்க."

போஸ்டர்காரர் தயங்கினார். "கம்பெனின்னு போட்டுருவோமாம்மா? பாக்குறவுகளுக்கு மரியாதையா இருக்கும்."

அம்மா அப்பாவின் காதுப்பக்கம் குனிந்து, மடலில் இன்னும் ஒட்டியிருந்த எதையோ புடவை நுனியால் துடைக்கப் போனார், துடைக்காமல் விட்டுவிட்டார்.

"ஆபீஸ்னு போடுங்க" என்றார். "அவக ஆபீஸுக்குத்தான் போனாக."